பிரதிவாதியைக் கூப்பிடப் போகிறேன்

ஒரு வழக்கில், வழக்குப் போட்டவனே பஸ் ஏறிப் போய் எதிராளியிடம் "கோர்ட்டுக்கு வாப்பா" என்று கூப்பிட்டதாக எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா தம்பி? நான் அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள். சரி, சிரித்தாலும் பரவாயில்லை. என் வக்கீலம்மாவே சிரித்தார்கள்.

திங்கள்கிழமை வாய்தா. அன்றைக்கும் அவன் வரவில்லை என்றால் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்குச் சாதகமாகத்தான். "வீட்ல காலை நீட்டிப் படுங்க சார், தானா ஜெயிச்சிரும்" என்கிறார் வக்கீல் ஜெசிந்தா மேடம். படுத்துப் பார்த்தேன். முடியவில்லை. எதிரே ஆளே இல்லாமல் ஜெயிப்பது என்ன ஜெயிப்பு? அவன் வர வேண்டும். எனக்கு எதிரே வந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு தீர்ப்பு எப்படிப் போனாலும் சரி.

பெயர் சாத்தையா. கிடைக்காரன். செம்மறி ஆட்டுக் கிடை. அறுவடை முடிந்ததும், இப்போது நாம் போய்க்கொண்டிருக்கிற இந்தச் சீமையிலிருந்து மந்தை மந்தையாக ஓட்டிக்கொண்டு எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வருவார்கள். ஒவ்வொரு வயலிலும் பட்டி கட்டி ஆட்டை அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். போன வருஷம் இந்த நேரத்தில் எனக்கு இதில் எதுவும் தெரியாது. நான் கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். வாழ்நாள் முழுக்க சாவியும் கையுமாக இருந்தவன். ஆட்டைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

மில்லில் கணக்கை முடித்துக்கொண்டு வந்து அப்பா விட்டுப்போன நிலத்தில் வீடு கட்டினேன். தாழ்ந்த நிலம். லாரி லாரியாக மண் அடித்து ஆள் உயரத்துக்கு மேடாக்கினேன். சுற்றிலும் சுவர். பெரிய இரும்புக் கேட். பின்னால் புல் வளர்த்தேன், முன்னால் குரோட்டன்ஸ், செம்பருத்தி, ஒட்டுமாங்கன்று. எல்லாம் சுகுணா கேட்டது. சுகுணா என் மனைவி. வீடு குடிபுகுந்த கையோடு ஓசூரில் மகளுக்குப் பிரசவம் என்று போனாள். பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்றாள். பிறகு நடக்கட்டும் என்றாள். இப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கட்டும் என்கிறாள். வருவாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தனியாக இருப்பது ஒருவிதத்தில் சௌகரியம்தான். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும்.

மாசியில் மழை பெய்யும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? பெய்தது. விடாமல் பெய்தது. வடிகால் நிரம்பித் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்தது. என் பக்கத்து வயல்காரர் ராமையன், அவர் வயலில்தான் சாத்தையா கிடை போட்டிருந்தான். மந்தை முழுக்கத் தண்ணீரில் நின்றது. செம்மறிக்கு ஈரம் ஆகாது. பெரியதுகள் எப்படியோ தாங்கும். குட்டிகள் நனைந்து குளிர் ஏறினால் விறைத்துவிடும். சுற்றிலும் கண்ணுக்கு எட்டினவரை தண்ணீர். மேடு என்றால் என் மனை ஒன்றுதான்.

பகல் வேளைதான். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்டைத் தட்டினார்கள். கூப்பிட்டார்கள். எவ்வளவு நேரம் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மாடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறேன், மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. சரி, ஏதோ சத்தம் கேட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். யார், என்ன என்று தெரியாமல் எடுத்ததும் எப்படித் திறப்பது? நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிப்பது தப்பா தம்பி? எதையும் யோசிக்காமல் செய்து எனக்குப் பழக்கமில்லை.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் கேட்டின் அடியில் கம்பைக் கொடுத்து நெம்பிக் கீலிலிருந்து தூக்கிவிட்டார்கள். அது சறுக்கி விழுந்து தூணின் ஒரு மூலை பெயர்ந்தது. அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. வெளியே ஓடி வந்தால் வாசல் முழுக்க ஆடு. கார் நிற்க வேண்டிய இடத்தில் ஆடு. படியில் ஆடு. என் குரோட்டன்ஸை நின்று மென்றுகொண்டிருக்கிறது ஒன்று, என்னைப் பார்த்துக்கொண்டே.

"யாரைக் கேட்டுய்யா உள்ள வந்தீங்க?" என்று கத்தினேன்.

சாத்தையா தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தான். என் வயதுதான் இருக்கும். "கேட்டுக்கிட்டேதாங்கய்யா நின்னோம். நீங்கதான் ஒண்ணும் சொல்லல."

"இது என் எடம். போங்க வெளிய!"

அவன் பெண்டாட்டி இருளாயி, இரண்டு கக்கத்திலும் குட்டி. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நான் ஏதாவது பேசியிருப்பேன். "போறோம் சாமி. எந்தப் பக்கம் தரை தெரியுதுன்னு மட்டும் கையக் காட்டுங்க. அந்தப் பக்கம் போறோம்" என்றாள்.

நான் எந்தப் பக்கம் கையைக் காட்டுவது?

தண்ணீர் வடிகிறவரை இருந்தார்கள். குட்டிகளைக் கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். புது டைல்ஸ் தம்பி. இருளாயி உரிமையாக என்னிடமே கேட்டாள்: "பழந்துணி இருந்தாக் குடுங்க சாமி, தொடைக்கணும்." பழந்துணிக்கு நான் எங்கே போவேன்? பீரோவைத் திறந்தேன். சுகுணாவின் நூல் புடவைகள் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். குட்டியைத் துடைப்பது எப்படி என்று தெரியுமா உங்களுக்கு? மேலாகத் துடைக்கக் கூடாது. மயிருக்கு எதிர்ப்பக்கமாகத் தேய்க்க வேண்டும், தோல் சூடாகும்வரை. நானும் சிலதைத் தேய்த்தேன். சும்மா நிற்க முடியாதே.

சாத்தையாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "ஆளு ஒருத்தரு, கக்கூஸ் மூணு கட்டியிருக்கீக. காலையில எதுல போறதுன்னு சீட்டுப் போட்டு எடுப்பீகளோ?" என்றான். இருளாயி அவனை அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கேட்டை உடைத்தவனோடு சிரிப்பது முறையில்லை.

"வீட்டம்மா எங்க சாமி?" என்று அவள் கேட்டாள்.

"மக வீட்ல."

"எப்ப வருவாக?"

"வருவாங்க."

"வந்தாச் சொல்லுங்க, வீடு நல்லா இருக்குன்னு. கோயிலாட்டம் இருக்கு. ஆள் சத்தமே இல்ல."

கார் கொட்டகையில் கல்லைக் கூட்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. தட்டைத் திருப்பி அனுப்பினால் மனசு கஷ்டப்படுவார்களே என்று சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் அதற்காகத்தான்.

புடவை விஷயத்தைச் சுகுணாவுக்குப் போனில் சொன்னேன். "என் சுங்குடிப் புடவையை ஆட்டுக்குட்டிக்கா போட்டீங்க? உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்து, கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவள் அவ்வளவு நேரம் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்களாகவே வேறு யாரிடமாவது கேட்டால் தப்பாகத் தெரியும். கேட்டுக்கு வெளியே சுவர் ஓரமாகக் கொஞ்சம் குட்டிகளைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். செத்தவை. அவை வழியிலேயே செத்திருக்கும். மழையில் குட்டி சாவது சகஜம் என்று ராமையனே சொன்னார். மழை விட்டதும் சாத்தையா மண்வெட்டி கேட்டான். கொடுத்தேன். கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, "உங்க எடத்துல பொதைக்கலைங்கய்யா. வாய்க்கா ஓரமாப் பொதைச்சிட்டோம்" என்றான். நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்காததற்கு எதற்காக அவன் பதில் சொன்னான்? இந்த ஒரு வருஷமாக நான் அதை யோசித்துப் பார்க்கிறேன். குத்திக்காட்டினானா, மரியாதைக்குச் சொன்னானா? அவன் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல் குட்டிகளைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

திரும்ப வயலுக்குப் போகிற அன்றைக்குப் பெயர்ந்த தூணையும் மென்று தீர்த்த செடிகளையும் ஒன்றுவிடாமல் சுற்றிப் பார்த்தான். "இது எங்க பொறுப்புங்கய்யா. சும்மா போயிர மாட்டோம். ஈடு கட்டிட்டுத்தான் இந்த ஊரை விட்டுப் போவோம்" என்றான். நானும் சரி என்றேன். நியாயமாகத்தானே பேசினான்.

அதற்கு அடுத்த வாரம் பேத்திக்குப் பிறந்தநாள். ஓசூர் போனேன். சுகுணாவை அழைத்துக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன். தனியாகத்தான் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே நாற்றம். வீட்டைச் சுற்றி, முன்னால், பின்னால், புல் இருந்த இடம், படியடி வரைக்கும், ஒரு கால் வைக்க இடமில்லாமல் ஆட்டுப் புழுக்கை. மூத்திர நெடியில் கண் எரிந்தது. கேட்டைத் திரும்ப மாட்டி ஒழுங்காகச் சாத்தி வைத்திருந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. மந்தை போய்விட்டிருந்தது. ஈடு கட்டுகிறேன் என்றவன், ஆள் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டைச் சுற்றி மந்தையை அடைத்து அசிங்கப்படுத்திவிட்டுப் போயிருக்கிறான். சோறு போட்டுச் சிரித்துப் பேசியதெல்லாம் நாடகம் என்று நினைத்தேன். சுகுணா வராத அன்றைக்கு அதைப் பார்த்தேன் பாருங்கள். மறுநாள் காலையில் வக்கீல் வீட்டு வாசலில் நின்றேன்.

ஜெசிந்தா மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், மழையில அவங்க உள்ள வந்தது தப்பில்ல. உயிரையோ உடைமையையோ காப்பாத்த வேற வழியில்லாம ஒருத்தர் இன்னொருத்தர் எடத்துல ஏறினா, அதை அத்துமீறல்னு சொல்ல முடியாது. ஆபத்து தீர்ற வரைக்கும் அவங்களை நீங்க வெளியேத்தவும் கூடாது."

"என் எடம் மேடம்."

"உங்க எடந்தான். ஆனா அந்த நேரத்துக்குப் போன்னு சொல்ற உரிமை உங்களுக்கு இல்ல. கேட், தூண், செடி, இதுக்கு நஷ்டஈடு கேக்கலாம். கொடுக்க வேண்டியது அவங்க கடமை. வந்தது தப்பில்ல, உடைச்சதுக்கு மட்டும் பொறுப்பு. ரெண்டும் தனித்தனி."

உதாரணத்துக்கு ஒரு பழைய வழக்கையும் சொன்னார். அமெரிக்காவில் ஒரு பெரிய ஏரி. புயலில் ஒரு குடும்பம் படகைக் கொண்டுவந்து யாரோ ஒருவருடைய துறையில் கட்டியிருக்கிறது. துறைக்காரருடைய வேலையாள் கயிற்றை அவிழ்த்துவிட்டுவிட்டான். படகு மோதி உடைந்து, அந்தக் குடும்பத்துக்குக் காயம். துறைக்காரர் மேல்தான் பொறுப்பு என்று தீர்ப்பாம். மேடம் சட்டத்தைச் சொன்னார். எனக்கு அந்த வேலையாள் ஞாபகமாகவே இருந்தது. அவன் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பானா? மழைச் சத்தத்தில் அவனுக்கு அவர்கள் கத்தினது கேட்டிருக்குமா? நான் யாரையும் அவிழ்த்துவிடவில்லை தம்பி. என் விஷயமே வேறு. நான் ஒன்றுமே செய்யவில்லை. வக்கீலம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். செத்த குட்டிகளைப் பற்றிச் சொல்லவில்லை. அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

புடவைகளைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். நானாகக் கொடுத்ததாம். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நானாகத்தான் கொடுத்தேன்.

வழக்குப் போட்ட பிறகுதான் ராமையன் வந்தார். வேலி ஓரமாக நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ் வைத்தியலிங்கம், நீ படிச்ச ஆளுதானா? அது அசிங்கம் இல்லய்யா, ஈடு! சேரங்குளத்துக்காரன் கிடை கேட்டுக் கால்கடுக்க நின்னான். அவனை விட்டுட்டு உன் கொல்லையில வந்து கூலி இல்லாம அடைச்சிருக்கான். அவன்கிட்ட இருக்கறது அதுதான். அதைத்தான் கொடுப்பான். உன்கிட்ட கேக்க வந்தப்ப நீ ஊர்ல இல்ல."

"எனக்கு அங்க என்ன வெளையுது? புல்லும் செம்பருத்தியும்."

"அது அவனுக்கு எப்படித் தெரியும்? மண்ணுன்னா வெளையும்னு நெனைச்சிருக்கான்."

அதை வக்கீலம்மாவிடம் சொன்னேன். "அதை ஈடுன்னு நீங்க ஏத்துக்கிட்டீங்களா சார்?" என்று கேட்டார். எப்படி ஏற்றுக்கொள்வது, நான்தான் ஆள் வைத்துக் கூட்டி வாரி வண்டியில் ஏற்றிவிட்டேனே. அப்படியும் அந்தச் செம்பருத்தி வெட்டிவிட வேண்டிய அளவுக்கு அடர்ந்துவிட்டது. ஜன்னலை மறைக்கிறது.

கோர்ட் ஆள் இரண்டு தடவை சம்மன் கொண்டுபோனார். வீடு சாத்தியிருந்தது, கதவில் ஒட்டிவிட்டு வந்தோம் என்று அறிக்கை. எனக்குத் தெரியும், உள்ளே இருந்துகொண்டே திறக்காமல் இருந்திருப்பார்கள். வெளியே ஒருவன் நின்று கூப்பிடும்போது உள்ளே பேசாமல் உட்கார்ந்திருப்பது என்ன பழக்கம் சொல்லுங்கள்? ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை. அதாவது பரவாயில்லை. இந்த வருஷம் அறுவடை முடிந்து மற்ற மந்தையெல்லாம் வந்துவிட்டது. அவன் வரவில்லை. ராமையன் வயல் சும்மா கிடக்கிறது. "நீ கேஸ் போட்டேல்ல, அந்தக் கோவம். இனி இந்தப் பக்கம் வரமாட்டான்" என்கிறார். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. கேஸ்தான் காரணம். வேறு என்ன இருக்க முடியும்?

வழக்கை வாபஸ் வாங்கிவிடலாமே என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். வாபஸ் வாங்கிவிட்டால் அவன் எதற்கு வருவான்? இப்போதாவது வாய்தா என்று ஒன்று இருக்கிறது. வந்தால் ஒரு நாளில் முடியாது, மறுநாளும் வரச்சொல்வார்கள். எங்கே தங்குவார்கள், கோர்ட் வாசலிலா? நம் வீட்டில் இடம் கிடக்கிறது... அதாவது, எதிர்த்தரப்பு சௌகரியமாக இருந்தால்தான் வழக்கு ஒழுங்காக நடக்கும் என்று சொல்ல வருகிறேன்.

இந்தப் பையா? ஒன்றுமில்லை தம்பி, பட்டுக்கோட்டையில் பஸ் நின்றபோது வாங்கின பழம். இது புடவை. இருளாயிக்கு. அன்றைக்குப் புடவையெல்லாம் குட்டிகளுக்குப் போய்விட்டது, அவள் ஈரத்தோடேதான் இருந்தாள். அது இப்போது ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்.

என்ன சொன்னீர்கள்?

சாத்தையா உங்களுக்கு மாமன் முறையா? அட, நீங்கள் எந்த ஊர் என்று நான் கேட்கவே இல்லை பாருங்கள். இவ்வளவு நேரம் நானே பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். பேரும் கேட்கவில்லை.

மாசியில் ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார்களா? வீடு பூட்டித்தான் கிடக்குமா? கோயில் கும்பிடுக்கு மட்டும்தான் வருவார்களா? அப்படியானால் அந்த சம்மன்... ஆடு தின்றிருக்கும் என்கிறீர்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை தம்பி.

அப்போது அவனுக்குக் கேஸ் போட்டதே தெரியாது. நிச்சயமாகவா? உங்கள் வீட்டில் யாரும் இதைப் பேசிக் கேட்டதில்லையா? கோர்ட், வக்கீல், ஒன்றும்?

பிறகு ஏன் இந்த வருஷம் எங்கள் பக்கம் வரவில்லை?

நீங்கள் அவனுக்கு உறவு. அன்றைய மழையைப் பற்றி ஏதாவது சொன்னானா? கேட் பக்கம் எவ்வளவு நேரம் நின்றதாகச் சொன்னான்?

வேண்டாம். சொல்லாதீர்கள்.

போனா? அவனிடம் போன் இருக்கிறதா? இருக்கும், ஏன் இருக்காது. இல்லை தம்பி, வேண்டாம், நேரில் பார்த்துக்கொள்கிறேன். நேரில் எங்கே பார்ப்பது, ஆமாம். போட்டுவிட்டீர்களா? என்ன அவசரம் உங்களுக்கு. மணி அடிக்கிறதா? எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஆட்டோடு இருப்பான்.

எடுத்துவிட்டானா? என்ன சொல்வது நான்? சரி, கொடுங்கள். கொடுங்கள்.

"ஹலோ... சாத்தையாங்களா? வணக்கம். நல்லா இருக்கீங்களா? வீட்ல நல்லா இருக்காங்களா? நான்... திருத்துறைப்பூண்டிலேர்ந்து. வைத்தியலிங்கம். இல்ல, வயல்காரர் இல்லங்க. போன மாசி, மழை... மேட்டு வீடு... ஆமா. ஆமாங்க. அன்னைக்கு உள்ள இருந்த ஆளு."